கால்காப்புக்குள் இருந்த சீட்டு

இந்த சீசனில் எங்கள் அணி வாங்கிய கோல்கள் அறுபத்தொன்று. எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். எத்தனையாவது நிமிடம், பந்து எந்தப் பக்கமிருந்து வந்தது, போட்டவன் யார் பொறுப்பில் இருந்தவன், நான் வேறு என்ன செய்திருக்கலாம் என்று நான்கு கட்டங்கள். நான்காவது கட்டத்தில்தான் எப்போதும் அதிகம் எழுதியிருப்பேன். சில இடங்களில் எழுத்து தாளின் ஓரம் வரை போயிருக்கும். ஐம்பத்து நான்காவது கோலுக்கு மட்டும் மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. பதினேழு நாட்கள் அப்படியே இருந்தது.

செவ்வாய், வியாழன் மாலைகளில் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். பதினாறு வயதில் பந்துக்காகப் பள்ளியை விட்டவன், இருபத்தைந்தில் அன்று விட்ட பரீட்சையை எழுதப் போகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் முதலில் எழுதுங்கள், மனசில் பட்டதை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று வகுப்பில் சொன்னார்கள். வரிசை எனக்கு வரும். மற்றது வருமா என்று தெரியவில்லை.

என் பெயர் எல்லிஸ் ஹாவர்த். நான்காம் பிரிவில் ஸ்கெல்பி டவுனுக்காக ஆடுகிறேன். நடுத் தடுப்பாட்டம். ஸ்கெல்பி எனக்கு நான்காவது கிளப். வகுப்புக்குப் போகிறேன் என்பது தெரிந்த நாளிலிருந்து அணியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாத்தியார் என்றார்கள், ஒரு வாரத்தில் அது வாத்தி என்று சுருங்கிவிட்டது.

எனக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிறவன் ரஸ்ஸல் சிடால். வயது இருபத்தெட்டு. வீட்டில் மனைவி ஜென், நடக்கப் பழகும் ஒரு பெண் குழந்தை. அவனும் நானும் கோல்கீப்பர் ஃபின்டனும் ஒரே காரில் பயிற்சிக்குப் போவோம். எங்கள் அணியில் ஸ்கெல்பியில் குடியிருப்பவர்கள் நான்கு பேர்கூட இல்லை. ஓராண்டு ஒப்பந்தக்காரன் வீடு மாற்றமாட்டான். எங்காவது இருந்துகொண்டு, நெடுஞ்சாலையோரம் பெட்ரோலும் காபியும் விற்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு, இன்னொருவன் காரில் ஏறிக்கொள்வான். நாங்கள் சந்திப்பது எட்டேகால் மணிக்கு. ஒரு வாரத்துக்கு ஒருவர் கார். பின் சீட்டில் ஃபின்டன் கால் நீட்டிக்கொண்டு ஏதாவது கதை சொல்லிக்கொண்டே வருவான். நாளில் நான் மனிதர்களோடு பேசும் நேரம் பெரும்பாலும் அந்த நாற்பது நிமிடமும் திரும்பி வரும் நாற்பது நிமிடமும்தான். என் அறையில் மூன்று பெட்டிகள் கட்டியபடியே இருக்கின்றன. அவற்றில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு மூடி மேல் ஒட்டியிருக்கிறேன்.

சிடாலுக்கும் எனக்கும் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. இரண்டு பேரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காரில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஏப்ரல் பன்னிரண்டு, சனிக்கிழமை. சொந்த மைதானத்தில் ராவன்ஃபோர்டுடன் ஆட்டம். எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தோம். அப்படியே முடித்திருந்தால் மேல்பிரிவுக்குப் போட்டியிடும் ஏழு அணிகளில் இடம் பிடிக்க வாய்ப்பு இருந்தது.

கார்னர் உதைக்கு யார் யாரைப் பிடிக்க வேண்டும், அதாவது யாரை ஒட்டி நின்று தடுக்க வேண்டும் என்பது உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும். அன்று அவர்களுடைய ஐந்தாம் எண் சிடாலின் ஆள், ஒன்பதாம் எண் என் ஆள். எண்பத்து மூன்றில் அவர்கள் ஒன்பதை வெளியே எடுத்துவிட்டு இருபத்து மூன்றை இறக்கினார்கள். ஆறரை அடி இருப்பான். வழக்கப்படி வெளியே போனவனைப் பிடித்தவன்தான் உள்ளே வந்தவனையும் பிடிக்க வேண்டும், அதாவது நான். ஆனால் எங்கள் துணைப் பயிற்சியாளர் ரெஜ்ஜுக்கு என் உயரத்தின் மேல் நம்பிக்கை இல்லை. பந்து கோட்டுக்கு வெளியே போயிருந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, நாலாக மடித்த ஒரு சீட்டைக் கையில் திணித்தார். கோல்ஃப் மைதானத்தில் கொடுக்கும் குட்டிப் பென்சிலால்தான் எப்போதும் எழுதுவார்.

"23 சிடாலுக்கு. 5 உனக்கு."

படித்தேன். புரிந்தது. சிடாலிடம் கொடுக்க வேண்டும். அவன் முப்பது கஜம் தள்ளி நின்றான். அதற்குள் அவர்கள் பந்தை எறிந்துவிட்டார்கள், எறிந்தது என் பக்கம்தான் வந்தது. சீட்டைக் காலுறைக்குள், கால்காப்புக்குப் பின்னால் செருகிக்கொண்டு ஓடினேன். பிறகு ஐந்து நிமிடம் பந்து எங்கள் பாதியை விட்டுப் போகவே இல்லை.

எண்பத்து எட்டில் கார்னர். நான் சீட்டில் இருந்தபடி ஐந்தாம் எண்ணிடம் போய் நின்றேன். பக்கத்தில் சிடாலும் நின்றான். இவன் ஏன் இங்கே நிற்கிறான் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் பந்து வந்துவிட்டது. நானும் அவனும் ஒரே ஆளோடு எம்பி, ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். எங்களுக்குப் பின்னால் இருபத்து மூன்று, யாரும் தொடாமல், குதிக்கக்கூட இல்லாமல், தலையால் தட்டிவிட்டான்.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்தது.

உடைமாற்றும் அறையில் கணுக்கால் டேப்பைக் கத்தரித்தபோது சீட்டு தரையில் விழுந்தது. வியர்வையில் ஊறி மெத்தென்று இருந்தது, ஆனால் பென்சில் எழுத்து அழியவில்லை. காலால் மூடிக்கொண்டு, எல்லோரும் குளிக்கப் போன பிறகு எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஆங்கிலப் புத்தகத்துக்குள் வைத்தேன். பிறகு கோல் பட்டியலை எடுத்து மூன்றாவது கட்டத்தில் எழுதப் பேனாவை வைத்தேன். எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை வீடியோ பார்க்கும் கூட்டம். ரெஜ் அந்தக் கார்னரை நிறுத்திக் காட்டினார். திரையில் நாங்கள் இருவரும் ஒருவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம்.

"சிட், உனக்கு அஞ்சு மேல அவ்வளவு பாசமா? இருபத்து மூணு உன் ஆளுடா."

"எப்போ என் ஆளானான்? அவன் ஒன்பதுக்குப் பதிலா வந்தவன். ஒன்பது வாத்தியோட ஆளு."

"சீட்டு கொடுத்து அனுப்பினேனே."

"என்ன சீட்டு?"

"லவ் லெட்டர்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

மேனேஜர் மெக்கேப் சிரிக்கவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வாத்தி, இவன்கிட்ட சொன்னியா இல்லையா?"

"கத்திச் சொன்னேன், பாஸ். சீட்டு கொடுக்க நேரமில்லை. கத்தினேன்."

"அவனுக்குக் கேட்டுச்சா?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

முதல் கேள்விக்கு வாயால் பொய் சொன்னேன், இரண்டாவதற்குத் தலையால். தனித்தனியாக எழுதக் காரணம், இரண்டாவது மிகவும் எளிதாக வந்தது.

"எனக்குக் கேட்கலை பாஸ்," என்றான் சிடால். "சத்தியமா."

"அதைத்தான் நாங்க எல்லாரும் பார்த்தோமே," என்றார் மெக்கேப். "அடுத்தது போடு ரெஜ்."

திரும்பும்போது அந்த வாரம் என் கார். சிடால் முன்சீட்டில் இருந்தான். பாதி வழியில் கேட்டான்.

"நிஜமாவே கத்தினியா?"

"ஆமா."

"எங்கிருந்து?"

"கோட்டுக்கிட்ட இருந்து. அவங்க பந்து எறிஞ்ச உடனே."

"நான் உன் பக்கம் பார்த்தேனா?"

அப்போது நிறுத்தியிருக்கலாம். தெரியலைடா, கவனிக்கலை என்று சொல்லியிருந்தாலே போதும். ஆனால் ஒரு பொய் தனியாக நிற்காது என்று எனக்குத் தோன்றியது. அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று வேண்டும்.

"கையைத் தூக்கினே," என்றேன்.

தடுப்பாட்டத்தில் பாதி வேலை வாயால்தான். இடப்பக்கம் வா, பின்னால் ஆள், விடு, ஏறு என்று தொண்ணூறு நிமிடமும் கத்திக்கொண்டே இருப்போம். கேட்டவன் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைத் தூக்குவான். கேட்டுவிட்டது என்று அர்த்தம். அது எங்களுக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி.

"கையைத் தூக்கினேனா?"

"தூக்கினே."

"அப்போ கேட்டிருக்கு எனக்கு." அவன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். "கேட்டுட்டு மறந்திருக்கேன்."

"அஞ்சே நிமிஷத்துல," என்றான் ஃபின்டன் பின்னாலிருந்து. "எங்க பாட்டன் பரவாயில்லடா. அவர் எங்க பாட்டி பேரை மறக்க எழுபது வருஷம் எடுத்துக்கிட்டாரு."

சிடால் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அடுத்த இரண்டு வாரங்களில் நான் கவனித்தவை: பயிற்சியில் உயரப் பந்துகளைத் தலையால் முட்டும் நேரம் வந்தால் அவன் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். கைமணிக்கட்டு டேப்பில் ஏதோ எழுதிக்கொண்டு ஆட வருவான். ஈஸ்டர் திங்கள் ஆட்டத்தில் எட்டிப் பார்த்தேன், தான் பிடிக்க வேண்டிய ஆளின் எண்ணை எழுதியிருந்தான். காரில் போகும்போது நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் வெளிவழிகளின் எண்களை வாய்க்குள் முணுமுணுப்பான், அடுத்த பலகை வருவதற்கு முன். ஒருநாள் ஃபின்டனைத் தன் இடப்பக்கமாகக் குனிந்து மெதுவாகப் பேசச் சொன்னான். ஃபின்டன் காதருகே வந்து, "நீ வயசான கழுதை," என்றான். "கேட்குதா?" "நல்லா கேட்குது," என்றான் சிடால். அதில் அவனுக்குச் சந்தோஷம் இல்லை. காதில் கோளாறு என்றால் நிம்மதியாக இருந்திருக்கும் போல.

ஏப்ரல் இருபத்தெட்டு, திங்கள். ஃபின்டனுக்கு மணிக்கட்டில் வீக்கம், இரண்டு நாள் வரவில்லை. சிடாலின் கார், நாங்கள் இருவர் மட்டும். மழை. அவன் லாரிகளுக்குப் பின்னாலேயே நிதானமாக ஓட்டினான்.

"நேத்து அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன்," என்றான்.

அவன் அப்பாவும் நடுத் தடுப்பாட்டக்காரர்தான். எங்களைப் போன்ற கிளப்களிலேயே பதினைந்து வருடம் ஆடியவர். பந்தைத் தலையால் முட்டி முட்டியே அறுபத்தொரு வயதில் நினைவு போய் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

"எப்படி இருக்கார்?"

"நல்லா சாப்பிடுறார். 'இன்னிக்கு யாரைப் பிடிச்சே'ன்னு கேட்டார். சொன்னேன். டீயை ஒரு வாய் குடிச்சுட்டு மறுபடி கேட்டார். 'இன்னிக்கு யாரைப் பிடிச்சே?' ஒரு கப் டீக்குள்ள அஞ்சு தடவை. நாலு தடவை சொல்லிட்டேன். அஞ்சாவது தடவை கேட்டப்போ எனக்கு அந்த ஆள் பேரு டக்குன்னு வரலை."

"அது எல்லாருக்கும் வரும்டா."

"இரு, சொல்லி முடிக்கிறேன். அவரோட ஆடின ஒருத்தரும் அங்க வந்திருந்தார். அப்பாவுக்கு எப்ப ஆரம்பிச்சுதுன்னு அவரைக் கேட்டேன். மைதானத்துலேயேதான், முப்பது முப்பத்தொண்ணு வயசுலன்னு சொன்னார். ஏதாவது கத்துவாங்களாம். இவர் கையைத் தூக்குவாராம். தூக்கிட்டு வேற ஆள்கிட்ட போய் நிப்பாராம்." வைப்பரை ஒரு படி வேகமாக்கினான். "கையைத் தூக்குவாராம், வாத்தி."

நான் முன்னால் போன லாரியின் எண்ணைப் படித்தேன்.

"அன்னைக்கு நீ கத்தினதை நான் உட்கார்ந்து உட்கார்ந்து யோசிச்சுப் பார்த்துட்டேன். ஒண்ணுமே இல்லை. வெத்துச் சுவர் மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட நேரம் கேட்டிருக்கேன், மே கடைசியிலதான் கொடுத்தாங்க. அதுவரைக்கும் இருக்கப் போறதில்லை. சனிக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் பாஸ்கிட்ட சொல்லிடுவேன், ஒப்பந்தம் கொடுத்தாலும் வேண்டாம்னு. மச்சினன் கூரை வேலை எடுத்துச் செய்யறான், அவன்கிட்ட போயிடுவேன்."

"ஜென் என்ன சொல்றா?"

"அவகிட்ட இன்னும் சொல்லலை. முதல்ல உன்கிட்டத்தான் சொல்றேன். நீதானே பார்த்தே."

அப்போது மனசில் பட்டதையும் எழுத வேண்டும். முதலில் வந்த எண்ணம்: இவன் போய்விட்டால் அந்த இடம் எனக்கு. அது எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை. ஒரு வெளிவழியிலிருந்து அடுத்தது வரை இருந்திருக்கலாம். இரண்டாவதாக வந்தது வேறு. நான் அவனிடமிருந்து ஒரு கோலை எடுத்துக்கொள்ளவில்லை, அவன் தலையையே எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது. ஆனால் வரிசை அதுதான். மாற்றி எழுத முடியாது.

அன்று இரவு அறைக்கு வந்து, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முதல் வாக்கியத்தை ஆறு முறை மாற்றினேன். கடைசியில் தாளை விட்டுவிட்டுச் சீட்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை எட்டேகாலுக்கு அவன் கார் வழக்கமான இடத்தில் நின்றது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். அவன் வண்டியைக் கிளப்பப் போனான்.

"கொஞ்சம் இரு," என்று சீட்டை அவனிடம் கொடுத்தேன்.

பிரித்துப் பார்த்தான். காய்ந்து அப்பளம் போல ஆகியிருந்தது.

"என்ன இது?"

"ரெஜ் எழுதின சீட்டு. ராவன்ஃபோர்டு ஆட்டத்துல. உன்கிட்ட கொடுக்கச் சொன்னது."

"கத்திச் சொன்னேன்னியே."

"கத்தலை. சாக்ஸுக்குள்ள வெச்சேன். மறந்துட்டேன்."

அவன் சீட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"நான் கையைத் தூக்கினேன்."

"இல்லை."

"தூக்கலையா?"

"தூக்கலை, ரஸ். உன்கிட்ட யாரும் எதுவும் சொல்லலை. நான் சொல்லவே இல்லை."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னான். மூன்றாவது முறை சொல்லும்போது அவன் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டான். ஹார்ன் அடித்தது. எதிரே சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். சிடாலின் தோள்கள் குலுங்கின. அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. தலையைத் தூக்கியபோது முகம் ஈரமாக இருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"என் தலைக்கு ஒண்ணும் இல்லை," என்றான்.

"ஒண்ணும் இல்லை."

"பதினஞ்சு நாள்," என்றான். அவனும் எண்ணியிருக்கிறான். "என் பொண்ணு பேரை ராத்திரி நூறு தடவை சொல்லிப் பார்த்துட்டுத் தூங்கினேன்டா. தெரியுமா உனக்கு? நேத்து எங்க அப்பா கதையை உன்கிட்ட உட்கார்ந்து சொல்லிட்டிருந்தேன். நீ கேட்டுட்டிருந்தே."

நான் தலையாட்டினேன்.

"தலையை ஆட்டாதே. அன்னைக்கும் இப்படித்தான் ஆட்டினே. வாயைத் திறந்து சொல்லு."

"கேட்டுட்டிருந்தேன்."

"எந்த ரூம்ல சொன்னியோ அதே ரூம்ல, எல்லார் முன்னாடியும் சொல்றே. இன்னைக்கே."

"சொல்றேன்."

"இறங்கு."

இறங்கினேன். அவன் சீட்டை, வெயில் கண்ணில் படாமலிருக்கக் கண்ணாடிக்கு மேல் இருக்கும் மறைப்புப் பலகைக்குப் பின்னால் செருகிவிட்டுக் கிளம்பினான். நான் என் காரில் போனேன். நான்கு நிமிடம் தாமதம்.

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். மூன்று வாக்கியம். சீட்டு சாக்ஸில் இருந்தது, நான் கத்தவில்லை, சிடால் மேல் தப்பு இல்லை. பின்னாலிருந்து ஒரு குரலும் வரவில்லை. அங்கிருந்து ஏதாவது கிண்டல் வந்தால் தேவலை என்று காத்திருந்தேன். ரெஜ் அந்தக் குட்டிப் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார்.

"சரி," என்றார் மெக்கேப். "உட்காரு. அடுத்தது போடு ரெஜ்."

அன்று சாயங்காலம் வகுப்பின் இடைவேளையில் மூன்றாவது கட்டத்தை நிரப்பினேன். "என் ஆள்" என்று எழுதினேன். சீட்டின்படி அது சரியில்லை, இருபத்து மூன்று சிடாலின் ஆள்தான். ஆனால் வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபின்டனிடமிருந்து செய்தி. "வாத்தி, இனிமே நானும் சிட்டும் மட்டும் வந்துக்கறோம். தப்பா நினைச்சுக்காதே." தப்பாக நினைக்கவில்லை என்று பதில் போட்டேன். பிறகு அதைப் படித்துப் பார்த்தேன், பெருந்தன்மை காட்டுவது போல இருந்தது. சரி என்று மட்டும் இன்னொன்று போட்டேன்.

போகிற இடம் ஒன்று, நேரம் ஒன்று, சாலையும் ஒன்று. தினமும் அவர்கள் கார் எனக்கு முன்னால் எங்காவது போய்க்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை கவனிக்காமல் முந்திவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், ஃபின்டன் முன்சீட்டுக்கு மாறியிருந்தான், ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான், கை காற்றில் ஆடியது. வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்கி, அவர்களைப் போகவிட்டுப் பின்னால் போனேன். ரேடியோ போடத் தோன்றவில்லை. பேசாமல் இருந்தால் நாற்பது நிமிடம் எவ்வளவு நீளம் என்று அந்த வாரம்தான் தெரிந்தது.

மே மூன்று, கடைசி ஆட்டம். வெளியூர் மைதானம். மூன்றாவது நடுத் தடுப்பாட்டக்காரனுக்குத் தொடையில் காயம், அதனால் நானும் சிடாலும்தான் ஆட வேண்டியிருந்தது. பஸ்ஸிலும் உடைமாற்றும் அறையிலும் அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விசில் ஊதியதும் பேச வேண்டியதாயிற்று.

"ரஸ், பின்னால ஆள்."

திரும்பாமல் கையைத் தூக்கினான்.

"ரஸ், இடப்பக்கம்."

கை.

"ஏறு, ஏறு."

கை. வழக்கத்தைவிட உயரமாக, விரல்கள் எல்லாம் விரித்து, மைதானத்தில் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி தூக்கினான். அந்தத் தொண்ணூறு நிமிடத்தில் அவன் அப்படி முப்பத்தொரு முறை தூக்கினான். உயரப் பந்து எல்லாவற்றுக்கும் அவனே போனான், எனக்கு வந்ததற்கும். அவனும் ஏதாவது கத்தினான்: "விடு", "என்னோடது", "கோட்டை விடாதே". அதெல்லாம் பேச்சில் சேருமா என்று தெரியவில்லை. ஆனால் அந்த வாரத்தில் ஒருவன் என்னைப் பார்த்து வாய் திறந்தது அந்தத் தொண்ணூறு நிமிடம்தான். ஆட்டம் முடியவே கூடாது என்று நினைத்தேன். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பட்டியலில் எழுத ஒன்றும் இல்லை.

அடுத்த செவ்வாய் ஒவ்வொருவரையும் மெக்கேப் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆளுக்குப் பத்து நிமிடம், மைதானத்தில் நிற்கும் வரிசையில்: கோல்கீப்பர்கள், பிறகு தடுப்பாட்டக்காரர்கள். எனக்குப் பிறகு சிடால்.

"உட்காரு, வாத்தி," என்றார். "சுத்தி வளைக்கப் போறதில்லை. உன்னை வெச்சுக்க முடியாது."

"சரி, பாஸ்."

"நல்லா உழைக்கிறே. ஒழுங்கா வர்றே. ஆனா ரெண்டு அங்குலம் குறைவா இருக்கே. அதுக்கு நான் பயிற்சி கொடுக்க முடியாது."

ஒன்றைக் கேட்கக் கூடாது என்று வரும்போதே முடிவு செய்திருந்தேன். கேட்டுவிட்டேன்.

"அந்தச் சீட்டு விஷயத்தாலயா, பாஸ்?"

"எந்தச் சீட்டு?" என்றார். பிறகு ஞாபகம் வந்தது. "ஓ, அதுவா. இல்லப்பா. இது மார்ச்லயே முடிவானது. உன் விஷயமும் சரி, சிட் விஷயமும் சரி, மார்ச் முதல் வாரத்துலயே முடிஞ்சுது."

மார்ச் முதல் வாரம். ராவன்ஃபோர்டு ஆட்டத்துக்கு ஐந்து வாரம் முன்பு. அந்த ஐந்து வாரத்தில் நாங்கள் வாங்கிய கோல்கள் ஏழு. ஏழுக்கும் நான்காவது கட்டம் நிரம்பி வழிகிறது.

கை குலுக்கினார். வெளியே வந்தேன்.

நடையில் ஒரே ஒரு நாற்காலி. சிடால் அதில் உட்கார்ந்திருந்தான். முழங்கைகளை முட்டியில் ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவுச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். என் முகத்தைப் பார்த்தான். வேறு யார் அந்த இடத்தில் இருந்தாலும் பார்த்திருப்பார்கள்.

நான் தலையை ஆட்டத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன்.

"என்னை வேண்டாம்னுட்டாங்க, ரஸ்," என்றேன்.

அவன் எழுந்தான். ஜெர்சியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். என்னைக் கடந்து கதவுக்குப் போகும்போது, திரும்பாமல், ஒரு கையைத் தூக்கினான்.